கழகம் யாருக்குச் சொந்தம்?

(நம் சங்கத்தின் இளைஞர் அணி பெங்களூரில் நடத்திய கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பொதுக்குழு கூடவிருக்கும் நேரத்தில் உறுப்பினர் குடும்பங்கள் யாவரும் படித்துச் சிந்திக்க வேண்டும் என்பதற்காக இங்கே வெளியிடுகிறோம்.)

அவைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, வெயில் என்றும் பாராமல் காலையிலிருந்து திடலைச் சுற்றி நின்ற தாய்மார்களே, தோழர்களே, கோப்பையை வென்ற தம்பிகளே, தோற்றும் தலைநிமிர்ந்து நிற்கிற தம்பிகளே!

பரிசு கொடுக்க வந்தவன் கொடுத்துவிட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். இன்று நான் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. காரணம் உங்களுக்கே தெரியும். வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒன்று நம்முடைய கால்பந்து அணிக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறது. 3 ஆண்டு ஒப்பந்தம். அணியின் பெயர் மாற வேண்டும். சட்டையின் நிறம் மாற வேண்டும். யார் ஆடுவது, யார் பயிற்சி கொடுப்பது என்பதில் அவர்கள் சொல்லே முடிவு. இதை ஏற்பதா, மறுப்பதா என்று பொதுக்குழு முடிவு செய்யப் போகிறது.

5 லட்சம் நமக்குச் சின்னத் தொகை அல்ல. மாதம் 20 ரூபாய் சந்தா வாங்கி நடத்துகிற அணி இது. முதல் பந்து கிழிந்தபோது செருப்புத் தைக்கும் தோழர் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தார். வெளியூர் ஆட்டம் என்றால் நம் தாய்மார்கள்தான் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தொடங்கினோம். இன்று பக்கத்துத் தெருக் கன்னடப் பிள்ளைகளும் உருதுப் பிள்ளைகளும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். அந்தச் சட்டைக்கு இப்போது விலை பேச ஆள் வந்திருக்கிறது. வரட்டும். விலை பேசுவதற்கு முன்னால் விற்கிற பொருள் என்ன என்று நமக்குத் தெரிய வேண்டாமா? அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ரசிகர் என்றால் யார்?

ரசிகர் மன்றம் என்றால் தமிழனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தட்டி கட்டியிருக்கிறோம், தோரணம் கட்டியிருக்கிறோம், முதல் காட்சிக்கு முந்தின இரவே வரிசையில் நின்றிருக்கிறோம். படம் ஓடினால் லாபம் தயாரிப்பாளருக்கு. ஓடாவிட்டால் துக்கம் நமக்கு. பந்தாட்டத்தில் கணக்கு அப்படி முடிந்துவிடக் கூடாது என்பதே என் கட்சி. ஏனென்றால் பந்தாட்டக் கழகங்களில் பெரும்பாலானவற்றைத் தொடங்கியவர்களே அந்த ரசிகர்கள்தான்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை, கொல்கத்தாவில் கற்றேன். ஹவுராவில் ஒரு பட்டறையில் சில ஆண்டுகள் ஃபிட்டர் வேலை பார்த்தேன். மொழி தெரியாது. சோற்றில் மீன் வாடை அடித்தால் அப்போது எனக்கு ஆகாது. பக்கத்து லேத்தில் வேலை செய்த வங்காளப் பெரியவர் ஒருவரைத் தாதா என்று கூப்பிடுவேன். தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். ஒரு சனிக்கிழமை அவர் என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனார். போகிற வழியில், "நீயும் ஊரை விட்டு வந்தவன், நானும் ஊரை விட்டு வந்தவன். நம் இரண்டு பேருக்கும் இங்கே ஒரே கட்சிதான்" என்றார். அந்தக் கட்சியின் பெயர் ஈஸ்ட் பெங்கால்.

அகதிகளின் கொடி

தோழர்களே, அந்தக் கழகம் பிறந்த கதையைக் கேளுங்கள். 1920 ஜூலை 28 அன்று கொல்கத்தாவில் மோகன் பகான் அணிக்கும் ஜோராபகான் அணிக்கும் ஆட்டம். ஜோராபகான் அணியில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அவர் கிழக்கு வங்காளத்துக்காரர். ஏன் விட்டீர்கள் என்று அந்தக் கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி கேட்டார். சரியான பதில் வரவில்லை. பதவியை உதறிவிட்டு வெளியேறினார். சில நாட்களில், 1920 ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கழகம் உருவாயிற்று. வெளியூர்க்காரன் என்று ஒதுக்கியதால் பிறந்த கழகம் அது.

பிறகு 1947 வந்தது. நாடு பிளந்தது. லட்சக்கணக்கான மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கொல்கத்தாவுக்கு ஓடி வந்தார்கள். ரயில் நிலையத்து மேடைகளில் படுத்தார்கள். தென் கொல்கத்தாவில் ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கம் காலி நிலங்களில் குடிசை போட்டுக் குடியேறினார்கள். பேச்சு வழக்கை வைத்தே அவர்களை அடையாளம் கண்டு கேலி செய்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட மக்களுக்கு அந்தச் சிவப்பும் தங்கமும் கலந்த சட்டை ஒரு முகவரி ஆயிற்று. வாரம் முழுதும் தலைகுனிந்து நடந்தவன் ஆட்டத்தன்று தலைநிமிர்ந்து நடந்தான். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன் வாங்குவார்கள். மோகன் பகான் வென்றால் அந்தப் பக்கத்தார் இறால் வாங்குவார்கள். மீன் கடைக்காரருக்கும் அதில் பங்கு உண்டு!

நமக்கும் அந்தக் கதையில் இடம் இருக்கிறது. அகதிகள் வந்து குவிந்த அந்த ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே. வங்காளிகள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று அழைத்தார்கள். ஐந்து பேரும் தெற்கேயிருந்து போனவர்கள். அகமது கான் இந்தப் பெங்களூர் மண்ணில் வளர்ந்தவர். 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை அந்தக் கழகம் வென்றது. வீடிழந்த வங்காளியின் மானத்தைக் காத்தவர்கள் அவன் மொழி பேசாத தெற்கத்தியர்கள். சொந்த ஊர்க்காரன்தான் சொந்தக்காரன் என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேறென்ன வேண்டும்?

மோகன் பகானிலும் நம்மவர் இருந்தார். பெங்களூரிலிருந்து போன அருமைநாயகம் அங்கே ஆடிப் புகழ்பெற்றார். 1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவரும் ஒருவர். அல்சூர் பக்கம் கௌதம்புராவில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்களே, அது எதைக் காட்டுகிறது? இந்த ஊரின் ஏழைத் தெருக்களுக்கும் பந்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது அல்ல என்பதைத்தான்.

16 உயிர்கள்

கூட்டம் என்றால் கொண்டாட்டம் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன் திடலில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஆடின. இரு அணி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டக்காரர்களின் முரட்டு ஆட்டம் படிக்கட்டுகளில் சண்டையாகப் பற்றிக்கொண்டது. நெரிசலில் சிக்கி 16 பேர் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

அதன் பிறகு கொல்கத்தா என்ன செய்தது தெரியுமா? ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்து ரசிகர்கள் நாளாக்கி, அன்று ரத்ததானம் செய்கிறார்கள். இன்ன கட்சிக்காரன் ரத்தம் என்று புட்டியில் எழுதுவதில்லை. ரசிகர்களைக் கட்டி வளர்ப்பது என்று இன்று பெரிய நிறுவனங்கள் பேசுகின்றன. அதற்கென்று ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன. கூப்பனும் தொப்பியும் கொடுத்தால் ரசிகன் வந்துவிடுவான் என்று நினைக்கிறார்கள். துக்கத்தில் கூட நிற்கிறவர்களாலேதான் ஒரு கழகம் உயிரோடு இருக்கிறது.

2024 ஆகஸ்டில் இதை நாடே பார்த்தது. ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த இரு அணிகளின் ஆட்டத்தைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். ஆட்டம் இல்லை, ஆனாலும் ஈஸ்ட் பெங்கால் ரசிகனும் மோகன் பகான் ரசிகனும் முகமதன் ஸ்போர்டிங் ரசிகனும் சால்ட் லேக் திடலின் வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். நூறாண்டுப் பகையாளிகள் தோளோடு தோள் நின்றார்கள். எந்த விளம்பரத்தைக் கொடுத்து இந்தக் கூட்டத்தை வாங்க முடியும்?

பணம் வந்த கதை

அப்படியானால் பணமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். சம்பளம் இல்லாமல் இன்று தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை. நுழைவுச் சீட்டுக் காசிலும் உறுப்பினர் சந்தாவிலும் மட்டும் பெரிய அணியை ஓட்ட முடியாது. கொல்கத்தாக் கழகங்களும் இதை உணர்ந்தன.

1998-ல் நம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதுபான நிறுவனம் ஒன்று ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டிலும் சரிபாதிப் பங்கு வாங்கிற்று. ஒரு கழகத்தின் பெயருக்கு முன்னால் ஒரு மதுவின் பெயர். இன்னொன்றின் முன்னால் இன்னொரு மதுவின் பெயர். இரண்டு பகையாளிகளுக்கும் ஒரே படியளப்பவர்! யார் வென்றாலும் விளம்பரம் ஒருவருக்கே.

2020-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு சிமென்ட் நிறுவனம் வந்தது. அவசர அவசரமாக முதல் தாளில் கையெழுத்து போட்டார்கள். இறுதி ஒப்பந்தம் வந்தபோது, இது உறுப்பினர் உரிமையைப் பறிக்கிறது, கையெழுத்துப் போட முடியாது என்றார்கள் கழக நிர்வாகிகள். முதலில் ஒப்புக்கொண்டதைத்தானே கேட்கிறோம் என்றது நிறுவனம். 2021 ஜூலை 21 அன்று கழகத்தின் கூடாரத்துக்கு முன்னால் ரசிகர்கள் திரண்டார்கள். கையெழுத்துப் போடு என்று ஒரு கூட்டம். போடாதே என்று ஒரு கூட்டம். அண்ணன் தம்பி போல் இருந்தவர்கள் அடித்துக்கொண்டார்கள். போலீஸ் தடியடி நடத்திற்று. அந்த நிறுவனம் 2022-ல் விலகிப் போய்விட்டது; வேறொரு நிறுவனம் வந்தது.

இதில் குற்றம் யாருடையது? பணம் போட்டவர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. கையெழுத்துப் போடு என்று கத்தினவனும் உண்மையான ரசிகன்தான். நிர்வாகிகள் பேச்சைக் காட்டிலும் முதலாளியின் பேச்சே மேல் என்று அவன் ஏன் நினைத்தான்? தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல், சண்டை முற்றிய பிறகு அவனைத் தெருவுக்குக் கூப்பிட்டார்கள். சங்கம் நடத்துகிற நாமும் இதை நெஞ்சில் கைவைத்து யோசிக்க வேண்டும்.

பெயரைத் திரும்பப் பெற்றவர்கள்

மோகன் பகான் கதை வேறு. 1889-ல் தொடங்கிய கழகம். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷையர் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று வென்ற கழகம். பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்தப் பெயருக்கு முன்னால் 2020-ல் வேறொரு வணிக அணியின் மூன்று எழுத்தை ஒட்டவைத்தார்கள். நிறுவனத்துக்கு 80 பங்கு, பழைய கழகத்துக்கு 20 பங்கு.

ரசிகர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மூன்று எழுத்தை எடு என்ற ஒரே முழக்கத்தோடு நின்றார்கள். திடலில் பதாகை பிடித்தார்கள். சிலர் ஆட்டத்துக்கே போகாமல் இருந்தார்கள். அணி வென்றபோதும் கோரிக்கையை விடவில்லை. மூன்று ஆண்டு ஆயிற்று. 2023 மார்ச் 18 அன்று கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் நம் பெங்களூர் அணியைப் பெனால்டியில் தோற்கடித்துக் கோப்பையை வாங்கினார்கள். அன்றே, அந்த மேடையிலேயே, மூன்று எழுத்து நீங்கும் என்று முதலாளி அறிவித்தார். முதலாளி போகவில்லை, பணமும் போகவில்லை. மோகன் பகான் என்ற பெயர் மறுபடி முன்னால் வந்தது. அதன் பின்னால் அவர்கள் ஒரு புதுச் சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். முழு வெற்றி இல்லைதான். ஆனாலும், உறுதியோடு கேட்டால் பணம் போட்டவரும் இறங்கி வருவார் என்பதற்கு அது சாட்சி.

ஊர் மாறும் அணிகள்

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். 2014-ல் புதிய லீக் போட்டி தொடங்கியபோது புனேயில் ஓர் அணி பிறந்தது. 2019-ல் அது கலைந்தது. அதன் இடம் ஐதராபாத்துக்குப் போயிற்று. ஐதராபாத் அணி 2022-ல் கோப்பையே வென்றது. அப்படி வென்ற அணி 2025-ல் டெல்லிக்குப் பெயர்ந்து வேறு பெயர் சூட்டிக்கொண்டது. டெல்லியில் முன்பே இருந்த அணியோ 2019-ல் புவனேசுவரத்துக்குப் போயிருந்தது! ரசிகன் வாங்கிய சட்டை பெட்டியில் கிடக்கிறது. அணியைக் காணோம்.

நாமும் ஊர் மாறியவர்கள்தான். தருமபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் இங்கே வந்தவர்கள்தான். ஆனால் நாம் வந்தபோது சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தோம், மொழியைத் தூக்கிக்கொண்டு வந்தோம், அடுத்த பஸ்ஸில் அத்தை மகனையும் கூப்பிட்டுக்கொண்டோம். அந்த அணிகள் போனபோது தங்கள் மக்களை விட்டுவிட்டுப் போயின.

லாபத்தை மட்டும் நம்பிய வீடு எப்படி ஆடும் என்பதை 2025-ல் கண்டோம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் தனியார் நிறுவனமும் 2010-ல் செய்துகொண்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடிய வேண்டிய நேரம். மேற்கொண்டு என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஜூலையில் லீக் போட்டியை நிறுத்தி வைத்தார்கள். சில கழகங்கள் சம்பளத்தை நிறுத்தின. நவம்பரில் வணிக உரிமையை ஏலம் விட்டபோது ஒருவர்கூடக் கேட்க வரவில்லை. டிசம்பர் 8 அன்று பழைய ஒப்பந்தம் காலாவதி ஆயிற்று. அந்த மாதங்களில் ஆட்டக்காரர்களே கைகூப்பிக் கேட்க வேண்டி வந்தது, எங்களை ஆடவிடுங்கள் என்று.

கடல் கடந்த பாடங்கள்

உலகத்தில் வேறு வழியே இல்லையா? இருக்கிறது.

இங்கிலாந்தில் லிவர்பூல் கழகத்தார் 2016-ல் ஒரு வகை இருக்கைச் சீட்டின் விலையை 77 பவுண்டாக உயர்த்தினார்கள். பிப்ரவரி 6 அன்று ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். கல் எறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. எழுந்து நடந்தார்கள், அவ்வளவுதான். சில நாட்களில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தைக் கைவிட்டார்கள்.

லண்டனில் விம்பிள்டன் என்றொரு கழகம். அதை வெகுதூரத்திலுள்ள இன்னோர் ஊருக்குக் கொண்டு போகலாம் என்று 2002-ல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தாங்களே புதிய கழகம் தொடங்கினார்கள். பொதுத் திடலில் வந்தவர்களை ஆடவைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அடிமட்டப் போட்டியிலிருந்து ஏறி, 9 ஆண்டுகளில், 2011-ல், தேசிய லீக் வரிசைக்குள் நுழைந்தார்கள். 2020-ல் பழைய திடல் இருந்த தெருவுக்கே புதுத் திடல் கட்டித் திரும்பினார்கள்.

ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி இருக்கிறது. கழகத்தின் ஆட்ட நிறுவனத்தில் பாதி வாக்கும் அதற்கு மேல் ஒரு வாக்கும் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும். எத்தனை கோடி போட்டாலும் முடிவு சங்கத்தின் கையில். ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு; பொதுவிதி இதுதான். அங்கே லீக் போட்டியின் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கை 20 ஆண்டுக்கு முதலீட்டாளருக்கு விற்கத் திட்டமிட்டபோது, ரசிகர்கள் திடலுக்குள் டென்னிஸ் பந்துகளையும் காசு வடிவச் சாக்லேட்டுகளையும் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

ஹாம்பர்க் துறைமுக நகரில் செயின்ட் பாலி என்ற கழகம். தங்கள் திடலின் பெரும்பங்கை ரசிகர்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று 2024-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தது. 20,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கு வாங்கினார்கள். சுமார் 2 கோடியே 90 லட்சம் யூரோ சேர்ந்தது. எத்தனை பங்கு வாங்கினாலும் ஓர் ஆளுக்கு ஒரு வாக்குதான். கூட்டுறவு நமக்குப் புதிதா? சீட்டுப் பிடித்து மகளுக்குக் கல்யாணம் செய்கிறவர்கள் நாம். ரேஷன் கடையிலிருந்து பால் சங்கம் வரை கூட்டுறவைப் பார்த்தவர்கள் நாம். பந்துக்கு மட்டும் அது பொருந்தாதா?

நாம் என்ன செய்யலாம்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். அந்த நிறுவனத்தை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல பூட்ஸ் வேண்டும். கால் உடைந்தால் வைத்தியம் பார்க்கப் பணம் வேண்டும். பெண் பிள்ளைகள் அணி ஒன்று தொடங்க வேண்டும் என்று தாய்மார்கள் கேட்டு நெடுநாள் ஆயிற்று. சட்டை மாற்ற ஓர் அறைகூட இல்லாமல் எப்படித் தொடங்குவது? ஆகவே பணம் வரட்டும். எந்த வாசல் வழியாக வரலாம் என்பதை மட்டும் நாம் சொல்வோம். பொதுக்குழு முன் என் யோசனையாக ஐந்து நிபந்தனைகளை வைக்கிறேன்.

முதலாவது, பெயரும் நிறமும் திடலும் நமதே. நிறுவனத்தின் பெயரைச் சட்டையின் மார்பில் போட்டுக்கொள்ளட்டும், திடலோரத் தட்டியில் எழுதிக்கொள்ளட்டும். அணியின் பெயரில் கை வைக்கக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் பொதுக்குழுவில் முக்கால் பங்கினர் சம்மதிக்க வேண்டும்.

இரண்டாவது, அணியை நடத்தும் குழுவில் பாதிக்கு மேல் சங்க உறுப்பினர்கள். நிறுவனத்துக்கு ஓர் இடமோ இரண்டு இடமோ கொடுப்போம். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது பயிற்சியாளரின் வேலை. அதில் நிறுவனமும் தலையிடக் கூடாது, என்னைப் போன்ற கிழவர்களும் தலையிடக் கூடாது.

மூன்றாவது, கணக்கு. மாதம் ஒருமுறை வரவு செலவைத் தட்டச்சு செய்து சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒப்பந்தத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கையெழுத்துக்கு 15 நாள் முன்னதாக எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். கொல்கத்தாவில் நடந்த அடிதடி இங்கே நடக்கக் கூடாது.

நான்காவது, நம் திடலில் ஆட்டம் பார்க்க நம் குடும்பங்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கட்டணம் கூடாது. பயிற்சிக்கு வரும் பிள்ளையிடம் காசு கேட்கக் கூடாது. வீட்டு வேலைக்குப் போகிற தாயின் மகன் பயிற்சிக் கட்டணத்துக்குப் பயந்து ஓரமாக நின்றால் அது நம் அணியே அல்ல.

ஐந்தாவது, பிரிவு. நிறுவனம் விலக நினைத்தால் 6 மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வாங்கிய பந்தும் கம்பமும் வலையும் சங்கத்துக்கே. கல்யாணம் பேசும்போதே பிரிவைப் பேசுவது நம் வழக்கம் இல்லைதான். ஆனால் இது கல்யாணம் இல்லை, வியாபாரம்.

இந்த ஐந்துக்கும் அவர்கள் ஒத்துக்கொண்டால் நானே முதலில் கை தூக்குவேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் 20 ரூபாய் சந்தாவை 30 ஆக்குவோம். கூட ஒன்று செய்வோம். சந்தா வசூலிக்கப் போகிற தம்பிகள் காசை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வாசலில் நின்று, அம்மா, அக்கா, போன ஆட்டம் பார்த்தீர்களா, பிள்ளையை அனுப்புகிறீர்களா, என்ன குறை என்று கேட்டுவிட்டு வாருங்கள். வேலையிழந்த வீட்டில் சந்தா கேட்காதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளையை மட்டும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் யாராவது கிடந்தால் அணித் தம்பிகள் இரண்டு பேர் ரத்தம் கொடுக்கப் போங்கள். பெரிய நிறுவனங்கள் கோடி செலவழித்துத் தேடுகிற ரசிகர் உறவு இந்த நடையில்தான் இருக்கிறது. அதற்குச் செருப்பு தேயுமே தவிரக் காசு செலவாகாது.

என்னை மைதானத்துக்கு அழைத்துப் போன தாதா இன்று உயிரோடு இல்லை. கடைசியாக அவரைப் பார்த்தபோது, பழைய உறுப்பினர் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். அவர் தந்தையின் சீட்டு. ஊரில் விட்டுவந்த நிலத்தின் பத்திரம் ஒரு பக்கம், அந்தச் சீட்டு ஒரு பக்கம், இரண்டையும் ஒரே துணியில் சுற்றி வைத்திருந்தார். நிலம் போய்விட்டது, இது இருக்கிறது என்றார்.

தோழர்களே, நம் பிள்ளைகள் நாளைக்குப் பெட்டியைத் திறந்தால் அதில் இப்படி ஒரு சீட்டாவது இருக்க வேண்டும். அதற்காகவாவது தவறாமல் பொதுக்குழுவுக்கு வாருங்கள். பெண்களும் வாருங்கள், வாக்கு உங்களுக்கும் உண்டு. இரவு ஷிப்டுக்காரர்கள் தூக்கத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு வாருங்கள்.

வென்ற அணிக்கு என் வாழ்த்துகள். தோற்ற அணியின் கோல் காப்பாளர் தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை: அந்த இரண்டாவது கோலை யாராலும் தடுத்திருக்க முடியாது. போய்ச் சாப்பிடு.